ஐந்து நாள் காந்த சிகிச்சையா, இ.சி.டி.யா? தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு எது முதலில்?

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 34 வயது. சிங்கப்பூர் வேலையை விட்டு ஊர் திரும்பியதிலிருந்து கடுமையான மனச்சோர்வு. இரண்டு வகை மாத்திரைகளை முழு அளவில், போதுமான வாரங்கள் கொடுத்தும் பலன் இல்லை. "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். டாக்டர் இ.சி.டி., அதாவது மயக்கத்தில் வைத்து மூளைக்கு மின்சாரம் கொடுத்து வலிப்பு வரவழைக்கும் சிகிச்சை, வைக்கலாம் என்றதும் ஆத்தா அழுது மறுத்துவிட்டார். இதற்கிடையில் வெளிநாட்டில் இருக்கும் அத்தான் ஒருவர், ஒவ்வொருவர் மூளையையும் ஸ்கேன் எடுத்து அதற்கேற்பக் காந்தம் வைத்து ஐந்தே நாளில் தற்கொலை எண்ணத்தைப் போக்குகிறார்கள் என்ற செய்தியை அனுப்பியிருக்கிறார். அது நம் பக்கம் கிடைக்குமா, அதுவரை பொறுக்கலாமா என்பது கேள்வி.

பொறுக்க வேண்டாம். முதலில் தம்பியின் உயிருக்குக் காவல். அடுத்து, டாக்டர் சொன்ன இ.சி.டி.யை மறுப்பதற்கு முன் அது இன்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது. காந்த சிகிச்சை மூன்றாவதாகத்தான் வரும். இயந்திரம் எவ்வளவு நவீனமானது என்பதைவிட, ஆபத்தான நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதுதான் இங்கே முக்கியம்.

காவல் என்றால் என்ன? "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டபின் பலருக்குச் சற்று இறுக்கம் தளரும். வழியை யோசித்து வைத்திருக்கிறார், பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கிறார், விடைபெறுவதுபோலப் பேசுகிறார், பல நாள் தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, நேற்று வரை தவித்தவர் இன்று காரணமில்லாமல் அமைதியாகிவிட்டார் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழில் பேசலாம், காசு கிடையாது. தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டில், முன்கூடமான பட்டாலையில் இருப்பவருக்கு இரண்டாம் கட்டில் யார் என்ன செய்கிறார் என்று தெரியாது. பத்து அறைகள் பூட்டிக் கிடக்க, வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். இந்த வாரங்களில் தம்பி மாடி அறையில் தனியாகப் படுக்க வேண்டாம். நடுமுற்றத்து வளவிலோ, யாராவது கூட இருக்கும் அறையிலோ படுக்கை போடுங்கள். அவர் இருக்கும் அறைக்கும் குளியலறைக்கும் உள்தாழ்ப்பாளை எடுத்துவிடலாம். மாத்திரைகளை ஒருவர் தன் கையில் வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்; டாக்டரிடம் சொல்லி ஒரு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள். செத்துப்போன பெரியவர்களின் மீதி மாத்திரைகள் அலமாரியில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டிலோ தோட்டத்து அறையிலோ இருந்தால், பூட்டி வைப்பதைவிட அதை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவது மேல். உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை.

இனி இ.சி.டி. ஆத்தாவின் மனதில் இருப்பது சினிமாவில் பார்த்த ஷாக்: நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ஆள் துள்ளுவது. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பதை அதே 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. இன்று நடப்பது இது. காலையில் வெறும் வயிறு. கையில் ஊசி வழியே மயக்க மருந்து. ஆள் தூங்கியதும் தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின். அதற்கு முன் ஒரு கணுக்காலில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிவிடுவார்கள். தளர்ச்சி மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாது. பல்லுக்கு இடையில் ரப்பர் தடுப்பு, முகத்தில் ஆக்சிஜன். சில நொடி மின்சாரம். பிறகு மூளைக்குள் வலிப்பு நடக்கும்போது வெளியில் தெரிவது அந்த ஒரு பாதத்தின் துடிப்புதான். அதையும், மூளையின் மின் அலையைக் காட்டும் இ.இ.ஜி. கோட்டையும் பார்த்து, இருபது நொடிக்குக் குறையாமல் வந்ததா என்று குறித்துக்கொள்வார்கள். அரை மணி நேரத்துக்குள் கண் விழிப்பார், கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும், மதியம் சாப்பிடலாம்.

"அவரவருக்கு ஏற்ற சிகிச்சை" என்று இன்று விளம்பரப்படுத்துகிறார்களே, அதை இ.சி.டி. வெகு நாளாகவே செய்துகொண்டிருக்கிறது. முறையாகச் செய்யும் இடத்தில் முதல் நாள் குறைந்த அளவிலிருந்து ஏற்றி, இந்த ஆளுக்கு வலிப்பு வர எவ்வளவு மின்னூட்டம் தேவை என்று அளப்பார்கள். மின்முனையை இருபக்கப் பொட்டில் வைப்பதானால் அதைப்போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. வலப்பக்கம் மட்டும் வைப்பதானால் ஐந்தாறு மடங்கு. வலப்பக்க முறையில் ஞாபகப் பாதிப்பு குறைவு. உயிர் ஆபத்து நெருங்கியிருந்தால் வேகத்துக்காக இருபக்க முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். எல்லாருக்கும் ஒரே எண்ணைத் திருகி வைக்கும் இடமானால், ஏன் அளக்கவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பலன்? 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்த 131 பேரில் மூன்று முறை இ.சி.டி. முடிந்த ஒரு வாரத்தில் 38 சதவீதம் பேருக்கும், ஆறு முறைக்குப் பின் 61 சதவீதம் பேருக்கும், முழுச் சுற்று முடிவில் 81 சதவீதம் பேருக்கும் அந்த எண்ணம் பூஜ்யமாகியிருந்தது. இந்த வேகத்தோடு நிற்கக்கூடிய சான்று வேறெந்த மூளைத் தூண்டல் முறைக்கும் இன்னும் இல்லை. வழக்கமாக வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு.

குறையையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் நடந்தவை, அதற்குச் சற்று முந்தைய சில மாதங்களின் சம்பவங்கள் சிலருக்கு மறக்கும். அதில் ஒரு பகுதி திரும்பாமலே போகலாம். வங்கிக் கடவுச்சொல், யாரிடம் எவ்வளவு வாங்கல் கொடுக்கல் என்பதையெல்லாம் முன்னதாக ஒரு நோட்டில் எழுதி வாங்கி வையுங்கள். அந்த வாரங்களில் பத்திரம் எதிலும் கையெழுத்து வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம்.

நம் வீடுகளில் இ.சி.டி. கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான், அது காபி. காலை ஐந்து மணிக்குப் பிள்ளை வாடிக் கிடக்கிறானே என்று ஆத்தா அரை டம்ளர் பால் காபி கொடுத்துவிட்டு, "ஒண்ணும் குடிக்கலை" என்று நர்ஸிடம் சொல்லிவிடுவார். பால் கலந்தது எதுவானாலும் வயிற்றுக்குச் சாப்பாட்டுக் கணக்குத்தான். ஆறு மணி நேரம் ஆக வேண்டும். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், மறுநாளைக்குத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். இன்னொன்று: குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப வெகு நேரம் ஆனதாகச் சொல்லியிருந்தால், அதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சக்சினைல்கோலினை உடைக்கும் நொதி சில குடும்பங்களில் குறைவாக இருக்கும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, சிவகங்கை மருத்துவக் கல்லூரி இரண்டின் மனநலப் பிரிவிலும் இ.சி.டி. பற்றி முதலில் விசாரியுங்கள்.

சரி, அத்தான் அனுப்பிய செய்திக்கு வருவோம். காந்த சிகிச்சைக்கு டி.எம்.எஸ். என்று பெயர். 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு செய்து காட்டியது. தலைமேல் வைக்கும் கம்பிச் சுருளில், அதாவது காயிலில், ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்கும். அது மண்டையோட்டைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நரம்பணுக்களைத் தூண்டும். மயக்கம் வேண்டாம், வலிப்பை வரவழைப்பதில்லை, ஞாபகம் போகாது. மனச்சோர்வுக்கு 2008இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வழக்கமான முறை வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். நொடிக்குப் பத்துத் துடிப்பு கொடுக்கும் பழைய பத்து ஹெர்ட்ஸ் முறையில் ஒரு தடவைக்கு 37 நிமிடம்; துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகக் கொடுக்கும் தீட்டா பர்ஸ்ட் முறையில் மூன்று நிமிடத்தில் 600 துடிப்புகள். 414 பேரை வைத்து 2018இல் கனடாவில் நடந்த ஆய்வு, மூன்று நிமிடமும் 37 நிமிடத்துக்குச் சளைத்ததில்லை என்று காட்டியது.

செய்தியில் வந்தது ஸ்டான்ஃபோர்டில் உருவான செயின்ட் முறை. மூன்று மாற்றங்கள் அதில் சேர்ந்தன. ஒரு தடவைக்கு 600க்குப் பதில் 1800 துடிப்புகள். ஒரு நாளைக்கு ஒன்றுக்குப் பதில் பத்துத் தடவை, நடுவில் ஐம்பது நிமிட இடைவெளி, ஐந்து நாள். ஆக ஐம்பது தடவை, 90,000 துடிப்புகள். மூன்றாவது, காயில் வைக்கும் இடத்தை மூளை இயங்குவதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனை அவரவருக்கு எடுத்துப் பார்த்துத் தீர்மானிப்பது. 2022இல் அமெரிக்க அனுமதி கிடைக்கக் காரணமான ஆய்வில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் நான்கு வாரத்துக்குள் ஒரு கட்டத்திலாவது முழு நிவாரண நிலையை எட்டினார்கள். ஒப்பிடுவதற்காக வெறும் பாவனையாகக் கொடுத்த போலிச் சிகிச்சையில் 13 சதவீதம். மலைக்க வைக்கும் வித்தியாசம்தான். ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 29 பேர். அத்தான்மார்கள் அனுப்பும் செய்தியில் இந்த எண் மட்டும் காணாமல் போய்விடும்.

ஸ்கேன் எதற்கு என்று புரிந்துகொண்டால் விளம்பரத்தைப் பிரித்துப் பார்க்கலாம். நெற்றிக்கு உள்ளே, மூளையின் நடுவாட்டில் சப்ஜெனுவல் சிங்குலேட் என்றொரு பகுதி. மனச்சோர்வில் பலருக்கு அது மிகைவேகத்தில் இயங்கும். காந்தம் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. அதனால் அதோடு எதிர்த்திசையில் இயங்கும் மேற்பரப்பு இடம் ஒன்றை இடப்பக்க முன்மூளையில் தேடுகிறார்கள். இது ஏறினால் அது இறங்கும். இந்த எதிர்த் தொடர்பு வலுவாக இருக்கும் புள்ளி ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் "தனிப்பயன்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலை.

இதில் இரண்டு பொறிகள். சப்ஜெனுவல் பகுதி மூக்குக்குப் பின்னுள்ள காற்றறைகளுக்கு மேலே இருக்கிறது. காற்று இருக்கும் இடத்தருகே எஃப்.எம்.ஆர்.ஐ. சிக்னல் மங்கும். அங்கிருந்து நேரடியாக அளந்து புள்ளி குறித்தால் இன்று ஓர் இடம், அடுத்த வாரம் வேறிடம் என்று காட்டும். விவரம் தெரிந்தவர்கள், ஏராளமான ஆட்களின் ஸ்கேனைத் தொகுத்த தொடர்பு வரைபடத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் தனி ஆளின் புள்ளியைக் கணக்கிடுவார்கள். இரண்டாவது, நேரம். ஐந்து நிமிட ஸ்கேன் போதாது. தலையை அசைத்தாலோ உள்ளே தூங்கிவிட்டாலோ எடுத்தது வீண். தவிப்பில் இருப்பவரால் அசையாமல் படுக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி.

புள்ளியைத் துல்லியமாகக் குறிப்பதால் பலன் உறுதியாகக் கூடுகிறதா? 255 பேரை வைத்து 2024இல் முடிவு வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, தொடர்பு ஸ்கேன் பார்த்து வைத்த தீட்டா பர்ஸ்டையும் சாதாரண எம்.ஆர்.ஐ. பார்த்து வைத்த வழக்கமான டி.எம்.எஸ்.ஸையும் ஒப்பிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு குணம். அதற்காக ஸ்கேன் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டின் வேகத்துக்கு ஸ்கேன் காரணமா, அளவு காரணமா, இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தது காரணமா என்று இன்னும் பிரித்துக் காட்டப்படவில்லை. என் கணிப்பில் அளவுக்கும் இடைவெளிக்கும்தான் பங்கு அதிகம்.

தற்கொலை எண்ணத்தையே நேரடியாகக் குறிவைத்த ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014இல் வெளியானது. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 41 பேருக்கு நாளைக்கு மூன்று தடவை வீதம் மூன்று நாளில் 54,000 துடிப்புகள். எண்ணம் வேகமாகக் குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. ஆஸ்பத்திரியின் பாதுகாப்பும் கவனிப்பும் ஆள் துணையும் எவ்வளவு செய்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதோடு, டி.எம்.எஸ். ஆய்வுகளில் பெரும்பாலானவை உடனடி ஆபத்தில் இருப்பவர்களைச் சேர்ப்பதே இல்லை. அந்த எண்களைத் தம்பிக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அப்படியானால் டி.எம்.எஸ். யாருக்கு? எண்ணம் வந்து போகிறது, திட்டம் இல்லை, சாப்பிடுகிறார், பேசினால் பதில் சொல்கிறார், வீட்டில் துணை இருக்கிறது, மாத்திரை மட்டும் வேலை செய்யவில்லை: இவருக்கு நல்ல வழி. இ.சி.டி.க்கு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கும், இ.சி.டி. முடிந்து பாதி தேறியவருக்கும் யோசிக்கலாம். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், சென்னையில் தனியார் இடங்களில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் உண்டு. காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முப்பது நாள் தினமும் போய்வர பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் போய்விடும். மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுபவர்கள் இதனால்தான் நிற்கிறார்கள். அங்கே உறவினர் வீட்டில் தங்கிச் செய்வதானால் மட்டும் ஆரம்பியுங்கள்.

"ஐந்து நாள் கோர்ஸ்" என்று சொல்லும் இடத்தில் பெயரைக் கேட்டு ஏமாறாமல் விவரத்தைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு எத்தனை துடிப்பு, நாளைக்கு எத்தனை தடவை, நடுவில் எவ்வளவு இடைவெளி? பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வைப்பது ஸ்டான்ஃபோர்டு முறை ஆகாது. நரம்பணு இணைப்பு அடுத்த தூண்டலை ஏற்கத் தயாராக ஒரு மணி நேரம் போல ஆகிறது என்ற அடிப்படையில் வைத்த இடைவெளி அது. இடத்தை எப்படிக் குறிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கட்டைவிரல் துடிக்கும் புள்ளியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னே என்ற பழைய கணக்கு, தலை பெரிதாக இருப்பவருக்குச் சரியான இடத்துக்குப் பின்னாலேயே விழுந்துவிடும். இஞ்ச் டேப்பால் மூக்கின் மேல் குழியிலிருந்து பின்மண்டை மேடு வரை, காதிலிருந்து காது வரை, தலைச் சுற்றளவு என்று மூன்று அளவு எடுத்துக் கணக்கிடும் பீம் முறை செலவில்லாதது, ஓரளவு நம்பலாம். கேமரா வைத்துத் தலையசைவைத் தொடரும் நேவிகேஷன் அதற்கும் மேல்.

இதையெல்லாம்விட முக்கியமான தனிப்பயன் அளவு ஒன்று உண்டு: மோட்டார் த்ரெஷோல்ட். கையைத் தளர்வாக மடியில் வைத்திருக்க, பத்துத் துடிப்பு கொடுத்தால் ஐந்து தடவை எதிர்ப்பக்கக் கட்டைவிரல் துடிக்கும் குறைந்தபட்ச அளவு அது. வழக்கமான முறையில் அதைப்போல 120 சதவீதம் வைப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு முறையில் மூளை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று திருத்தி 90 சதவீதம். வயதானவருக்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும், மண்டையோட்டிலிருந்து விலகியிருக்கும். அளக்காமல் வைத்தால் துடிப்பு போய்ச் சேரவே சேராது. மாத்திரை மாறினாலும், இரவு தூங்காமல் வந்தாலும் இந்த அளவு மாறும்; திரும்ப அளக்க வேண்டும். முதல் நாள் எண்ணை ஆறு வாரமும் ஓட்டும் இடங்கள் இருக்கின்றன. பலனில்லை என்று அங்கிருந்து வெளியே வருபவர்கள் டி.எம்.எஸ். தோற்றுவிட்டது என்று சொல்வார்கள்.

டி.எம்.எஸ்.ஸில் பயப்பட வேண்டியது வலிப்பு. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். வலிப்பைத் தூண்டக்கூடிய எதையாவது சொல்லாமல் விட்டால் அந்த ஆபத்து கூடும். குடிப்பழக்கம் இருந்து இரண்டு நாள் முன்புதான் நிறுத்தினார் என்றால் அந்த நாட்களே வலிப்புக்கு உரிய நாட்கள். குடியை மறைத்து நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். மனநல மருந்துகளான க்ளோசாபின், புப்ரோபியான், முதுகுவலிக்குக் கொடுத்த ட்ரமடால் ஆகியவையும் வலிப்பு எளிதில் வர வைக்கும். மறுபக்கம், தூக்கத்துக்குப் போடும் அல்ப்ரசோலம், குளோனசெபாம் வகைகள் அதிகம் போட்டால் பலன் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும், தானாக நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். சின்ன வயதில் வலிப்பு வந்து சி.டி. ஸ்கேனில் "சுண்ணாம்புப் புள்ளி" இருந்ததாகச் சொன்னார்களா? நாடாப்புழு முட்டையால் வரும் அந்தக் கட்டி நம் நாட்டில் சாதாரணம். பழைய ஃபிலிமைத் தேடி எடுத்துப் போங்கள்.

தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்பதற்காகப் பதித்த காக்ளியர் கருவி இருந்தால் டி.எம்.எஸ். கூடாது, பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். பல் அடைப்பு பரவாயில்லை. காயிலின் டக் டக் சத்தம் காதைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும். காதடைப்பான் இல்லாமல் ஒரு தடவைகூட வேண்டாம். முதல் வாரத் தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். இருமுனை நோய் இருந்தவருக்குத் திடீரென்று தூக்கம் குறைந்து பேச்சும் வேகமும் கூடினால் உடனே நிறுத்திச் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறை வாசலில் நடப்பது ஒன்று. தம்பிக்கு இதற்குள் எங்காவது மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பீர்கள், அரைஞாண் இருக்கும். தாயத்தின் உள்ளே சுருட்டி வைத்த தகடு செம்பா இரும்பா என்று யாருக்கும் தெரியாது. கழற்றித்தான் ஆக வேண்டும். பெண்களுக்குத் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குதான் பெரிய ஆபத்து. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். கழற்ற மனம் வராவிட்டால் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம். கொண்டை ஊசி, மூக்குத்தி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். டி.எம்.எஸ்.ஸுக்கு வரும் நாட்களில் இறுக்கமான கொண்டை வேண்டாம். காயிலுக்கும் தலைக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் பலம் கணிசமாகக் குறையும்.

கடையில் விற்கும் மின்பட்டை வகைகளை, அதாவது தலையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் டி.டி.சி.எஸ். கருவிகளை, வாங்கி நீங்களே வைக்க வேண்டாம். இரண்டு மில்லியாம்பியர்தானே என்று தோன்றும். ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் பொசுங்கும். மாத்திரைக்கு இணையான பலனையே நல்ல ஆய்வுகளில் அது காட்டவில்லை. உயிர் ஆபத்தில் இருப்பவருக்கு அது பொழுதை வீணாக்குவது. மண்டையைத் திறந்து மின்முனை பதித்து, மூளையின் சோர்வு அலையைக் கண்டதும் தானே தூண்டும் கருவி ஒன்றைப் பொருத்தியதாக 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையில் இருந்த நோயாளி ஒரே ஒருவர். அதைப் பற்றி இப்போது யோசிக்க ஒன்றுமில்லை.

எதைச் செய்தாலும் பிறகு என்ன என்பதை ஆரம்பத்திலேயே கேளுங்கள். இ.சி.டி. முடித்துவிட்டு மருந்தே இல்லாமல் விட்டால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்குத் திரும்ப வந்துவிடும். 2001இல் வந்த ஆய்வில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 84 சதவீதம், மனச்சோர்வு மருந்தான நார்ட்ரிப்டிலின் மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம், அதோடு மனநிலையைச் சீராக்கும் லித்தியமும் சேர்த்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்துக்குத் தற்கொலையைத் தடுக்கும் குணமும் தனியாக உண்டு என்று பல டாக்டர்கள் கருதுகிறார்கள். ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது விஷமாகும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது வீட்டு வழக்கமென்றால், லித்தியம் சாப்பிடும் ஆள் அந்த வருடம் வண்டியில் போகட்டும். வேர்வை, விரதம், கால்வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம் கூடுவது, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே ரத்தம் பாருங்கள்.

தேறத் தொடங்கும் முதல் சில வாரங்களில் காவலைத் தளர்த்திவிடாதீர்கள். உடம்பில் தெம்பு முதலில் வரும், நம்பிக்கை பின்னால் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் முதல் மாதமும்தான் ஆபத்து அதிகமான காலம். வீட்டுக்கு அனுப்பும்போதே ஒரு வாரத்துக்குள் அடுத்த சந்திப்புத் தேதியைக் கையில் வாங்குங்கள்.

ஆத்தாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அடுத்த முறை அவரையும் கூட்டிப் போய், மயக்க மருந்து டாக்டரையே அவருக்கு எதிரில் உட்காரவைத்துப் பேச வையுங்கள். முதல் இ.சி.டி. முடிந்ததும் கண் விழிக்கும் அறையில் மகன் பக்கத்தில் அவரை உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். தம்பியின் சம்மதம் அதற்கும் முன்னே வேண்டும். புரிந்து முடிவெடுக்கும் நிலையில் அவர் இருந்தால் அவர் சொல்வதே செல்லும். அந்த நிலையில் இல்லாமல் உயிர் ஆபத்தும் இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் முடிவுக்குத் துணை நிற்பவர், வழியாக அதே 2017 சட்டத்தின் 89ஆம் பிரிவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். சந்திப்புக்குப் போகும்போது எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரே தாளில் எழுதுங்கள். "நான் இல்லாட்டி" என்று அவர் சொன்னதை, எப்போது, எத்தனை தடவை என்று அதே தாளில் அவர் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிட சந்திப்பில் டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரிதான்.